வேலியும் பொட்டும்: மருமோனுக்கு அம்மான் சொல்லுற புத்தி

மருமோன், உனக்குக் கொழும்பில கவுண்மேந்து வேலை சரிவந்திட்டுது எண்டு கொம்மா ஓடி வந்து சொன்னவ. என்ன வேலை எண்டு கேட்டன். “எல்லாக் கந்தோரையும் ஒண்டாச் சேர்க்கிற வேலையாம் அண்ணை” எண்டா. எனக்குச் சிரிப்பை அடக்க ஏலேல்லை. ஒரு கிணத்துப் பங்கைத் தீர்க்க மூண்டு தலைமுறையா வழக்காடுற ஊரில பிறந்த நீ, திணைக்களங்களை ஒண்டாக்கப் போறாய். சந்தோசம். போக முன்னம் இந்தக் கிழவன்ர சொல்லையும் கொஞ்சம் கேட்டிட்டுப் போ. நான் வெங்காயமும் புகையிலையும் செய்து காலத்தை ஓட்டினவன்தான். ஆனா கந்தோர்ப் படி ஏறி இறங்கின படிப்பில உன்ர டிகிரிக்கு நான் குறைஞ்சவன் இல்லை.

நீ போனில சொன்ன பேரைச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கி வைச்சிருக்கிறன்: என்ரர்பிறைஸ் ஆக்கிரெக்சர். 1987 இல ஐ.பி.எம் கொம்பனியில இருந்த ஜோன் சக்மன் எண்டவர் எழுதின கட்டுரையோட பேரெடுத்த விஷயமாம். என்ன, எப்பிடி, எங்க, ஆர், எப்ப, ஏன் எண்டு ஆறு கேள்வியைப் பிறகு அவர் நிரையா வைச்சாராம். 1996 இல அமெரிக்கன் அதைச் சட்டத்துக்குள்ளயே கொண்டு வந்திட்டான். நல்லது. ஆனா அந்த ஆறு கேள்வியையும் எங்கட விதானையார் அவைக்கு முன்னமே கேட்டவர் எண்டதை மறந்திடாதை. ஒரு வித்தியாசம், அவர் ‘ஏன்’ எண்டதில இருந்துதான் தொடங்குவார். ஏன் இண்டைக்கு வந்தனீ, நாளைக்கு வரேலாதோ எண்டு.

முதல் புத்தி: அவசரப்படாதை. கந்தோர்களை நீ உண்மையாச் சேர்த்துப்போட்டால் எத்தினை பேற்ர அடுப்பு அணையும் எண்டு யோசிச்சனியே? பிரதேச செயலகத்துக்கு முன்னால போட்டோக் கொப்பிக் கடை போட்டிருக்கிற பெடியன் போன வருஷந்தான் கலியாணம் கட்டினவன். பக்கத்தில மேசை போட்டு போம் நிரப்பிக் குடுக்கிறவருக்குக் கண்ணும் வடிவாத் தெரியாது, அந்தத் தொழிலை விட்டால் வேற போக்கில்லை. முத்திரை விக்கிறவர், ஓட்டோக்காரர், சத்தியக்கடதாசிக்குக் கையெழுத்து வைக்கிற ஜே.பி, கியூவில நிக்கிற சனத்துக்கு வடை விக்கிற மனிசி எண்டு ஒரு பெரிய பொருளாதாரமே அந்த வாசலில நடக்குது. அரசாங்கம் தந்த கடதாசியை அரசாங்கத்திட்டையே கொண்டுபோய்க் காட்டி, இது அரசாங்கம் தந்ததுதான் எண்டு இன்னொரு அரசாங்க ஆளிட்டைக் கையெழுத்து வாங்கி, அதில ரெண்டு கொப்பி எடுத்து மூண்டாவது அரசாங்க ஆளிட்டைக் குடுக்கிற வேலையில நாங்கள் எல்லாரும் சம்பளமில்லாமல் இருக்கிறம். நீ கொழும்பில இருந்து வயர் இழுக்கிறன் எண்டு நிக்கிறாய். வயர் எப்பவோ இழுத்தாச்சு மருமோன். நாங்கள்தான் அந்த வயர்.

நாடு முழுக்க 14,022 விதானையார் பிரிவு. எங்கட யாழ்ப்பாண மாவட்டத்தில மட்டும் 435. அதுக்கு மேல 15 பிரதேச செயலகம், அதுக்கும் மேல கச்சேரி. ஒவ்வொரு பிரிவிலயும் வயர் மாதிரிச் சனம் ஓடித் திரியுது, கையில ஒரு பிளாஸ்ரிக் பைலோட. அதுக்குள்ள பிறப்புச் சாட்சிப்பத்திரம், அதுவும் ஆறு மாசத்துக்குள்ள எடுத்த கொப்பியாய் இருக்கவேணும் எண்டு கேட்ட காலம் ஒண்டு இருந்தது. ஆறு மாசத்துக்கு ஒருக்கா மனிசன் திரும்பப் பிறந்திருப்பானோ எண்டு கந்தோர்க்காரருக்குச் சந்தேகம். சைவக்காரர்தானே, மறுபிறப்பில நம்பிக்கை இருக்கும்.

இப்ப உன்ர கொம்பியூட்டரைக் குழப்பப் போற சாமானைச் சொல்லுறன். அது எங்கட ஆக்களின்ர பேர். சிவப்பிரகாசம் எண்டு ஒரு ஆள் எண்டு வை. ஆஸ்பத்திரியில ஒருத்தர் அதை இங்கிலீசில ‘ஜி’ போட்டு எழுதுவார், பள்ளிக்கூடத்தில ‘கே’ போடுவினம், அடையாள அட்டை, அதுதான் ஐ.சி, அடிக்கிற இடத்தில சிங்களத்துக்குப் போய்த் திரும்பி வரேக்க நடுவில ஒரு ‘ப்’ கழண்டு விழுந்திருக்கும். காணி உறுதியில நொத்தாரிசு தன்ர பாட்டில ஒண்டு எழுதி வைச்சிருப்பார். தகப்பன்ர பேர் முன்னெழுத்தாய் நிக்கிறதோ, குடும்பப் பேராய்ப் பின்னுக்குப் போறதோ எண்டது அந்தந்தப் போமின்ர விருப்பம். எனக்கும் ஒருக்கா ஒரு கந்தோரில இந்த வில்லங்கம் வந்தது. உறுதியில இருக்கிற நானும் ஐ.சியில இருக்கிற நானும் ஒரே நான்தான் எண்டு சத்தியம் பண்ணச் சொன்னவை. சீவனும் சிவனும் ஒண்டோ ரெண்டோ எண்டு எங்கட சைவ சித்தாந்தப் பண்டிதர்மார் எவ்வளவு காலமாய் விவாதிச்சவை தெரியுமே? ஜே.பி அஞ்சு நிமிசத்தில தீர்த்து, சீலும் குத்தித் தந்தார்.

நம்பராலை பாக்கலாந்தானே எண்டு நீ கேப்பாய். கேள். ஆக்களைப் பதியிற சட்டம் 1968 இல வந்தது, அட்டை 1972 இல. பழைய அட்டையில ஒன்பது இலக்கமும் கடைசியில ஒரு ‘வி’யும் இருக்கும். வோட்டு இல்லாதவைக்கு ‘எக்ஸ்’. முதல் ரெண்டு இலக்கம் பிறந்த வருஷம். அடுத்த மூண்டும் வருஷத்தில எத்தினையாம் நாள் எண்டது, பொம்பிளையளெண்டால் அதோட 500 ஐக் கூட்டிப்போடுவினம். எல்லா வருஷத்திலயும் பெப்ரவரிக்கு 29 நாள் எண்டு வேற ஒரு கணக்கு. 2016 தொடக்கம் பன்னிரண்டு இலக்கம் வந்தது. முன்னால 19 ஐப் போட்டு நடுவில ஒரு பூச்சியத்தைச் செருகினால் பழசு புதுசாகும் எண்டு மனிசருக்கு விளங்கும். கொம்பியூட்டருக்கு ஆரும் சொல்லிக் குடுக்காட்டில், ஒரு புத்தகத்தில பழைய நம்பரோட ஒரு கிழவன், மற்றதில புது நம்பரோட இன்னொரு கிழவன். ரெண்டு பேருக்கும் உதவிப்பணம் வராது. பிழையாய் வந்தாலும் ஒருத்தருக்குத்தான் வரும், அது நானாய் இருக்காது.

கடதாசியே இல்லாதவன்ர பாடு இன்னொரு விதம். 1995 ஒக்டோபர் 30 இல சண்டையால வலிகாமமே வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தில முட்டுப்பட்டு நிக்கேக்க, ஆர் உறுதியைத் தேடினவை? பிள்ளையளைத் தேடினவை. அலுமாரியில கிடந்தது அலுமாரியோட போட்டுது. திரும்பி வந்தாப் பிறகு, கடதாசி துலைஞ்சவனிட்டைக் கடதாசி துலைஞ்சதுக்குக் கடதாசி கேட்டினம். கேட்டவையில பிழை சொல்லமாட்டன், அவையின்ர சுற்றுநிருபம் அப்பிடி. ஆனா பக்கத்துக் கந்தோரில ஒரு புத்தகத்தைத் திறந்து பாத்தால் முடியிற விஷயத்துக்கு, பொலிஸ் முறைப்பாட்டுக் கொப்பி எடுக்க ஒரு கிழவி சைக்கிள் பாரில இருந்து வந்தவ எண்டதை மட்டும் எழுதி வை.

இனி விஷயத்துக்கு வாறன். எங்கட ஊர் வேலி உனக்குத் தெரியும். பூவரசும் கிளுவையும் நட்டு, பனையோலையாலை அடைச்சு, கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டாலே வெட்டுக்குத்து. ஆனா அந்த வேலியில ஒரு மூலையில பொட்டு ஒண்டு இருக்கும், இல்லையே? அதாலைதான் பெரியம்மா குழம்புச் சட்டியோட வருவா, பெடியள் பள்ளிக்கூடத்துக்குப் போவாங்கள், செத்த வீட்டுக்குச் சனம் ஓடும். பொட்டு வைச்சவன் வேலியைப் பிடுங்கேல்லை, காணியைச் சேர்க்கேல்லை. எங்க பொட்டு, ஆர் வாறது, என்னத்துக்கு வாறது எண்டு ரெண்டு பக்கமும் கதைச்சு வைச்சது. உன்ர ஆக்கிரெக்சரும் உதுக்கு மேல ஒண்டுமில்லை. எல்லாத் திணைக்களத்தையும் ஒரே பெரிய கொம்பியூட்டருக்குள்ள போடுறன் எண்டு ஒருத்தன் ரை கட்டிக்கொண்டு வந்தானெண்டால், அவன் கொம்பியூட்டர் விக்கிறவன். தேத்தண்ணி குடுத்து அனுப்பு.

மோட்டார்ப் போக்குவரத்துக்காரர் வாகனப் புத்தகத்தைத் தாங்களே வைச்சிருக்கட்டும். ஆட்பதிவுக்காரர் ஆக்களின்ரதை, காணிப் பதிவுக்காரர் காணியின்ரதை. பிறந்த திகதிக்கு ஒரு சொந்தக்காரன் இருக்கட்டும், விலாசத்துக்கு ஒரு சொந்தக்காரன் இருக்கட்டும். மற்றவைக்கு வேணுமெண்டால் பொட்டாலை வந்து அவரைக் கேக்கட்டும். என்னைக் கேக்கப்படாது. எஸ்தோனியாக்காரன் இதைச் சட்டமாவே எழுதி வைச்சிருக்கிறான்: ஒரே விபரத்தைச் சேர்க்க ரெண்டாவது புத்தகம் திறக்கிறது தடை. 2001 இலேயே எக்ஸ்-ரோட் எண்டு கந்தோருக்குக் கந்தோர் பாதை போட்டவன். எங்கட மாவட்டத்தைப் போல ரெண்டு மடங்குச் சனந்தான் அந்த நாட்டில. எங்களுக்கோ விலாசத்துக்கு மட்டும் ஊர்ப்பட்ட சொந்தக்காரர். விதானையாரின்ர குடும்பப் பதிவில ஒரு விலாசம், வாக்காளர் இடாப்பில ஒண்டு, ஐ.சியில இன்னொண்டு. எங்கட ஐயா செத்து எவ்வளவு காலம், கரண்ட் பில்லில இண்டைக்கும் அவர்தான் வீட்டுக்காரர். மாசாமாசம் ஒழுங்காய்க் கட்டியும் போடுறார்.

டென்மார்க்கில உன்ர மச்சாள் வீடு மாறினவ. அஞ்சு நாளுக்குள்ள ஒரு இடத்தில அறிவிச்சா சரியாம். டொக்டர், வரிக்காரர், பிள்ளையின்ர பள்ளிக்கூடம் எண்டு மற்ற எல்லாத்துக்கும் அது தானாப் போகுமாம். அங்க ஆளுக்கு ஒரு நம்பர் குடுக்கத் தொடங்கினது எப்ப எண்டு கேட்டன். 1968 எண்டா. எங்கட ஆட்பதிவுச் சட்டமும் அதே 1968. ஒரே வருஷம் வெளிக்கிட்ட ரெண்டு பேர். ஒருத்தர் போய்ச் சேர்ந்திட்டார், மற்றவர் இன்னும் போட்டோக் கொப்பிக் கடையில நிக்கிறார்.

எங்கட ஆக்களுக்கு ஏலாதெண்டு மட்டும் நினைச்சிடாதை. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை 1658 இல பிடிச்ச பிறகு தோம்பு எழுதினவை. குடும்பத்துக்கு ஒரு தோம்பு, காணிக்கு ஒரு தோம்பு. இந்த ஆளுக்கு இந்தக் காணி, இவ்வளவு இறை எண்டு ரெண்டையும் பொருத்திப் பாப்பினம். கரண்டும் இல்லை, கொம்பியூட்டரும் இல்லை, எழுத்தாணியும் மைக்கூடும் மட்டும். ஏன் ஏலுமாய் இருந்தது? வரி வேண்ட வேணும், அதாலை. அதே மாதிரி 2022 ஜூலையில என்ன நடந்தது? எண்ணெய் இல்லை, நாடு கவிண்டு கிடக்குது, பெற்றோல் செட்டில சனம் படுத்து எழும்புது. அந்த நேரம் ஒரு கியூ.ஆர் வந்தது. ஐ.சி நம்பரைப் போட்டு, வாகன இலக்கத்தையும் செசி நம்பரையும் போட்டால், மோட்டார்ப் போக்குவரத்துப் புத்தகத்தில அது சரியோ எண்டு அந்த இடத்திலேயே பாத்துச் சொல்லிச்சுது. மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. எந்தச் செட்டில அடிச்சாலும் கணக்குக் கழியும். ஒருத்தரும் கொப்பி கேக்கேல்லை! ஜே.பியைக் கேக்கேல்லை! வருஷக்கணக்கில ஏலாமல் கிடந்தது கிழமைக்கணக்கில ஏலுமாச்சு.

இதுதான் என்ர ரெண்டாவது புத்தி, பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொள். எங்களிட்டை வேண்டவோ எங்களுக்கு அளந்து விடவோ வேணுமெண்டால் கந்தோர்கள் கைகோர்க்கும். எங்களுக்குத் தரவேணுமெண்டால்தான் ஒருத்தரையொருத்தர் தெரியாதெண்டு முகத்தைத் திருப்பும். 2024 தொடக்கம் பதினெட்டு வயசு தாண்டின எல்லாரும் வரி நம்பர் எடுக்கவேணும் எண்டு சொன்னவை. அதுக்கும் எப்பிடியும் பாதை கிடைக்கும் பார். அஸ்வெசும உதவிக் காசுக்கு அழுகிற கிழவிக்குத்தான் ‘உங்கட தகவல் பொருந்தேல்லை அம்மா’.

ஆனா அந்த எண்ணெய்க் கியூ.ஆரிலயும் ஒரு சங்கதி. எங்கட தோட்டத்தில ஓடுறது இறைப்பு மிசின். அதுக்கு நம்பர் பிளேற் இல்லை. நம்பர் பிளேற் இல்லாத சாமானைக் கியூ.ஆருக்குத் தெரியாது. வெங்காயம் வாடுது, நான் மிசினோட நிக்கிறன், கொழும்பு சொல்லுது அப்பிடி ஒரு சாதனமே நாட்டில இல்லையெண்டு. பேந்துதான் மிசினுகளுக்கும் வழி விட்டவை. படம் கீறினவன் கொழும்பு ஒழுங்கையை மட்டும் பாத்துக் கீறியிருக்கிறான். நீ கீறேக்க, வயல் வரம்பையும் ஒருக்கா எட்டிப் பார்.

உனக்கு முன்னமும் கெட்டிக்காரர் முயற்சி செய்தவை எண்டு சொல்லவேணும். 2003 இல சட்டம் போட்டு ஐ.சி.ரி.ஏ எண்டு ஒரு நிறுவனம், ஈ-ஸ்ரீலங்கா எண்டு திட்டம், உலக வங்கியின்ர காசு. ஆள், காணி, வாகனம் எண்டதுகளுக்கு எல்லாக் கந்தோரும் ஒரே மாதிரி விபரம் எழுதவேணும் எண்டு ஒரு நியமமும் எழுதினவை. எழுதினது சரியான விஷயந்தான், நான் பகிடிக்குச் சொல்லேல்லை. 2006 இல 1919 எண்டு ஒரு நம்பர் தந்தவை, அடிச்சா அரசாங்கத்தைப் பற்றி எதையும் கேக்கலாம். அதே 2006 இலதான் குடாநாட்டால வெளியில போற ஏ9 றோட்டைப் பூட்டினவை. அரசாங்கத்தோட கதைக்கலாம், அரசாங்கத்திட்டைப் போகேலாது. பேந்து கந்தோர் விபரங்களை இணையத்தில வைக்கிற ‘அரசாங்க முகில்’ ஒண்டு வந்தது. 2023 இல ஆரோ உள்ளுக்கை பூந்து, மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரைக்கும் வந்த அரசாங்க ஈமெயிலைத் துலைச்சுப்போட்டாங்கள், அமைச்சரவைக் கந்தோரின்ரதும் சேர்த்து. எங்கட விதானையாரின்ர இரும்பு அலுமாரியில கறையான்தான் தின்னும். அதுவும் மூண்டு மாசத்துக்கெல்லாம் இவ்வளவு தின்னாது.

இப்ப காத்து மாறி அடிக்குது, ஒத்துக்கொள்ளுறன். 2025 பெப்ரவரியில கவ்பே வந்தது, கந்தோருக்குக் கட்டிற காசை வீட்டில இருந்தே கட்டலாம். செப்டெம்பரில எங்கட கச்சேரிக்குள்ளயே பாஸ்போட் கந்தோர் திறந்தவை. முந்தி அதுக்கு வவுனியாவோ கொழும்போ எண்டு அலைஞ்சவை. அடுத்ததா எல்லாருக்கும் ஒரு டிஜிற்றல் அடையாளம் வருமாம், இந்தியா காசு குடுக்குதாம், விரல் ரேகை, கண் எல்லாம் எடுப்பினமாம். பெங்களூரில செய்த மொசிப் எண்ட மென்பொருளாம், பிலிப்பைன்ஸிலயும் மொரோக்கோவிலயும் ஓடுதாம்.

இந்த இடத்தில பகிடியைக் கொஞ்சம் நிப்பாட்டுறன். கொழும்பில உன்னோட வேலை செய்யிற பெடியளுக்கு, ஆக்களைப் பதியிறதெண்டால் வசதி. எங்களுக்கு வேற ஞாபகங்கள் இருக்கு. இந்தக் குடாநாட்டை விட்டு வெளியில போகப் பாஸ் எடுத்த சனம் நாங்கள். சண்டை முடிஞ்ச பிறகும், 2011 இல, வீடு வீடா ஆமிக்காரர் குடும்பமா நிப்பாட்டிப் படம் எடுத்துப் பதிஞ்சது கோட்டுக்குப் போய்த்தான் நிண்டது. ஆர் வீட்டில எத்தினை பேர், இரவு ஆர் தங்கினவை எண்டு ஒருத்தன் தெரிஞ்சு வைச்சிருந்தால் என்ன நடக்குமெண்டு இஞ்ச ஆருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதாலைதான் சொல்லுறன், வேலி இருக்கவேணும். பென்சன்காரர் நான் உயிரோட இருக்கிறனோ எண்டு கேட்டால் பொட்டாலை ‘ஓம்’ எண்டு சொல்லு, போதும். என்ர கைரேகையையும் காணியையும் குடும்பத்தையும் அள்ளிக் குடுக்காதை. 2022 ஆம் ஆண்டின்ர 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டு கிடக்குது, அதை வாசி. எஸ்தோனியாவில தன்ர விபரத்தை எந்தக் கந்தோர் எப்ப எடுத்துப் பாத்தது எண்டு அந்தாளே கொம்பியூட்டரில பாக்கலாமாம். பொட்டாலை ஆர் வந்து போனது எண்டு வீட்டுக்காரனுக்குத் தெரியவேணும். அந்த வசதியை முதலில செய், மற்றதெல்லாம் பேந்து செய்யலாம். உன்ர மேலதிகாரி அதை மூண்டாம் கட்டத்தில பாப்பம் எண்டு சொல்லுவார். மூண்டாம் கட்டம் எண்டால் வராத கட்டம், உனக்குத் தெரியாட்டில் தெரிஞ்சுகொள்.

இன்னொண்டு. கூட்டம் வைப்பினம். பெரிய ஹோட்டலில, சுவரெல்லாம் படம் போட்டு, பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி கீறி. எல்லாத் திணைக்களத் தலைவரும் வந்து ‘மிக நல்ல திட்டம்’ எண்டு சொல்லி, மத்தியானச் சாப்பாடும் சாப்பிட்டுப் போவினம். ஒருத்தரும் எதிர்க்கமாட்டினம். அதை நம்பிப்போடாதை. தன்ர புத்தகத்தை மற்றவன் பாக்கிறது அவைக்குச் சும்மா விஷயமில்லை. சீல் ஆரிட்டை இருக்கோ அவரிட்டைத்தானே சனம் எழும்பி நிக்கும்? அம்புக்குறி கீறிறது லேசு. ‘விலாசம் இனி என்ர பொறுப்பில்லை, அவரின்ர பொறுப்பு’ எண்டு ஒரு ஆணையாளரிட்டை எழுத்தில வாங்கிறதுதான் உன்ர உண்மையான வேலை. அதுக்கு டிகிரி உதவாது. கொம்மா கலியாணம் பேசிற மாதிரிப் பொறுமை வேணும், கொஞ்சம் பொய்யும் வேணும்.

சரி, எப்பிடித் தொடங்கிறது எண்டு கேள். கொம்பியூட்டரைத் திறக்காதை. வாற பொதுசன நாளில உடுவில் பிரதேச செயலக வாசலில காலமை எட்டு மணிக்குப் போய் நில்லு. வெள்ளைச் சேட்டும் கழுத்தில அட்டையும் போடாமல், சாறத்தோட போ. போற வாற சனத்திட்டை ஒரே ஒரு கேள்வி கேள்: கையில என்ன கொப்பி, எந்தக் கந்தோர் தந்தது, எந்தக் கந்தோருக்குக் கொண்டு போறியள்? ஒவ்வொண்டையும் கொப்பியில ஒரு கோடாய்க் கீறு. பின்னேரம் வரேக்க எந்தக் கோடு தடிச்சுப்போய்க் கிடக்குதோ, அந்த இடத்தில முதல் பொட்டை வை. ஆனா கன நேரம் நிக்காதை, காவல்காரர் வந்து ஆர் நீ எண்டு கேப்பார். ஐ.சி கொப்பி ரெண்டும், விதானையாரின்ர கடிதமும் கொண்டு போ.